ஆறு பேர் படுக்கிற கேரவன்

பாண்டித்துரை அன்று காலையில் மட்டும் ஏழாவது கட்டிலில் படுத்துக்கொண்டிருந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை. துபாயில், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற கேரவன்களை வரிசையாக நிறுத்தி விற்கும் ஒரு ஷோரூமில், தன் குடும்பத்துக்கு ஏற்ற வண்டியைத் தேர்வு செய்துகொண்டிருந்தார்.

தேர்வு செய்வது அவருக்குப் பொழுதுபோக்கு அல்ல, உத்தியோகம். ஜெபல் அலியில் ஒரு கம்பெனியில் கொள்முதல் மேலாளர். மூன்று கொட்டேஷன் வாங்கி ஒப்பிடாமல் ஒரு டப்பா ஸ்டேப்ளர் பின்கூட அவர் மேஜையைத் தாண்டியதில்லை. அந்தப் பழக்கத்தை ஆபீஸிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால் அவர் மனைவி அகிலாவின் வாழ்க்கை இன்னும் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். வீட்டு ஃப்ரிட்ஜ் செத்துப்போன வருஷம், அடுத்த ஃப்ரிட்ஜைத் தேர்வு செய்ய அவர் ஒரு கோடை முழுவதையும் எடுத்துக்கொண்டார். அவர்கள் குடியிருந்த அஜ்மானின் வெயிலில் அந்தக் குடும்பம் கீழ்க்கடை ஐஸ்கட்டியை நம்பி உயிர் வாழ்ந்தது. கடைசியில் அவர் தேர்வு செய்த மாடலைக் கம்பெனிக்காரன் தயாரிப்பதையே நிறுத்தியிருந்தான்.

"அகிலா, இந்த மெத்தை நாலு இஞ்ச்," என்று படுத்த வாக்கிலேயே குரல் கொடுத்தார். "முன்னாடி பாத்தது அஞ்சு. ஞாபகம் வச்சுக்க."

அகிலா ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. அவள் பக்கத்தில் நின்ற வேறொரு கேரவனுக்குள் இருந்தாள். அந்த வரிசையிலேயே சின்னது அது. ஒரே அறை. ஒரு ஓரத்தில் அடுப்பு, மறு ஓரத்தில் கட்டில், நடுவில் நாலு பேர் எதிரும் புதிருமாக உட்கார ஒரு துக்குணி மேஜை. மகள் சங்கீதாவும் மகன் அருள்முருகனும் சலித்துப்போய் வந்து அந்த மேஜையில் உட்கார்ந்தார்கள். இடம் போதவில்லை. சங்கீதாவின் முழங்கால் அகிலாவின் முழங்காலில் இடித்தது. போனைப் பார்த்துக்கொண்டிருந்த சங்கீதா காலை நகர்த்திக்கொள்ளவில்லை.

அந்த நிமிஷமே அகிலா முடிவு செய்துவிட்டாள். இந்த வண்டி போதும்.

அவளுக்கு இருந்த அவசரத்தைச் சொல்லிவிட வேண்டும். சங்கீதா பன்னிரண்டாம் வகுப்பு. மார்ச்சில் பரீட்சை. பரீட்சை முடிந்ததும் வெயில். வெயிலில் இந்த ஊரில் ஒட்டகமே நிழல் தேடும். வெயில் தணிவதற்குள் மேல்படிப்புக்கு அயர்லாந்து விமானம். ஆக, மிச்சம் இருப்பது இந்த டிசம்பர் விடுமுறைதான். பதினெட்டு வயசுவரை ஒரே வீட்டில் வளர்ந்த பெண் கடந்த இரண்டு வருஷமாக அம்மாவிடம் பேசியது பெரும்பாலும் மூடிய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான். சண்டை எதுவும் இல்லை. கதவுதான். அவள் போகிறதற்குள் ஒரே ஒரு ராத்திரி நாலு பேரும் ஒரே கூரையின் கீழ், நடுவில் கதவில்லாமல், இருந்துவிட வேண்டும். கேரவன் வாங்கலாம் என்று பாண்டித்துரை ஆரம்பித்தபோது அகிலா தலையாட்டியதற்கு ஒரே காரணம் இதுதான்.

பாண்டித்துரை செருப்பை மாட்டிக்கொண்டு வந்து சின்ன கேரவனுக்குள் தலையை நீட்டினார்.

"இதுல பார்ட்டிஷனே இல்லையே. பிரைவசிக்கு என்ன ஏற்பாடு?"

"எதுக்குங்க பிரைவசி? நாம நாலு பேருதான."

"ஒரு ஸ்டாண்டர்டுன்னு ஒண்ணு இருக்கில்ல."

சென்ட் மணக்க நின்ற லெபனான்காரச் சேல்ஸ்மேன், மேடமும் பிள்ளைகளும் இங்கே சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறார்களே என்று ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுத்தார். பாண்டித்துரை அவரை இரக்கத்தோடு பார்த்தார். சந்தோஷம் ஸ்பெசிஃபிகேஷனில் வராது என்று விளக்கிவிட்டு, எட்டாவது கட்டிலுக்குப் போனார்.

இதற்குள் செய்தி கமுதிவரை போய்விட்டது. பாண்டித்துரையின் அண்ணன் கார்மேகம் போனில் வந்தார்.

"தாயி அகிலா, தம்பி கேரவன் வாங்குறானாமே. படம் எடுக்குறானா, இல்ல நடிக்கவே போறானா?"

ஊரில் கேரவன் என்றால் ஒன்றுதான். ஷூட்டிங் நடக்கிற இடத்தில் கதாநாயகன் ஏ.சி. போட்டுப் படுத்திருக்கும் வண்டி.

"அது இல்ல மாமா. கார்ல கட்டி இழுத்துட்டுப் போறது. டூர் போக."

"டூருக்குக் காரு போதாதா? சும்மா மறைக்காத தாயி."

அகிலா கைபேசியைக் கணவரிடம் கொடுத்தாள். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பாண்டித்துரையோ தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதப் பத்தி இப்பப் பேச முடியாதுண்ணே," என்றார். அந்த வாரமே பங்காளி ஒருவர் தன் மகனுக்கு இன்ஸ்பெக்டர் வேஷம் கேட்டு, கூலிங் கிளாஸ் போட்ட போட்டோ அனுப்பிவைத்தார்.

நண்பர் நெய்னா முகம்மது மட்டும்தான் அசரவில்லை. கீழக்கரைக்காரர். அஜ்மானில் பெயிண்ட், பைப், ஆணி விற்கும் கடை வைத்திருந்தார்.

"கேரவனா? எங்க கடைக்குப் பின்னாடி ஒண்ணு கெடக்கே மாப்ள. சிமெண்ட்டு மூட்டை அடுக்கி வச்சிருக்கோம்."

"நெய்னா, உன் லெவலுக்கு அது கேரவன். நான் சொல்றது வேற."

"நான் என்னத்தக் கண்டேன். இங்க கட்டட சைட்ல எல்லாரும் அதத்தான் அப்படிச் சொல்றாக."

சொன்னதைக் காதில் வாங்கியிருக்கலாம். ஆனால் ஆணி விற்கிறவரிடம் ஆலோசனை கேட்பது கொள்முதல் மேலாளரின் தகுதிக்குச் சரிப்படாது.

நவம்பர் ஓடிப்போனது. அகிலா ஒரு பை எடுத்து நாலு பேருக்கும் மாற்றுத்துணி, போர்வை, டார்ச் எல்லாம் வைத்துக் கட்டி, வீட்டு நடையில் வைத்தாள். வாரக்கடைசி வரும், பாண்டித்துரை இன்னொரு ஷோரூமுக்குப் போவார், திங்கட்கிழமை அருளுக்குப் பையிலிருக்கிற சட்டை தேவைப்படும். அவள் பிரிப்பாள், துவைப்பாள், மறுபடி கட்டுவாள். கிளினிக்கில் ரிசப்ஷன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது மேஜைக்கடியில் அவள் கால் தானாக ஆடிக்கொண்டே இருந்தது. டாக்டர் கூப்பிட்டு பி.பி. பார்த்தார்.

ஒருவழியாக டிசம்பர் பிறந்ததும் பாண்டித்துரை தீர்ப்புச் சொன்னார். இரண்டு அறை, நாலரை இஞ்ச் மெத்தை, நடுவில் தள்ளுகதவு. கொக்கி மாட்டக் காரை ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார்கள். மலையாளி மெக்கானிக் காரைச் சுற்றி வந்தார், கேரவனின் படத்தைப் பார்த்தார், மறுபடி காரைப் பார்த்தார்.

"சாரே, இது பிள்ளைங்கள ஸ்கூல்ல விடற வண்டி. இதுக்குப் பின்னால அதக் கட்டினா, இறக்கத்துல அதுதான் உங்கள இழுத்துட்டுப் போகும்."

எந்த கேரவன் என்று மூன்று மாதம் ஒப்பிட்டவர், எந்தக் கார் இழுக்கும் என்று ஒரு நாளும் யோசித்திருக்கவில்லை. வீடு திரும்பும் வழி முழுவதும் முன்னால் போகிற வண்டிகளின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழையும்போது முகம் தெளிந்திருந்தது.

"அப்ப முதல்ல காரத் தேர்வு செஞ்சிருவோம்," என்றார்.

அகிலா கையிலிருந்த சாவியை மேஜைமேல் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். ஆனால் பாண்டித்துரை நிமிர்ந்து பார்த்தார்.

"காரும் வேணாம் ஒண்ணும் வேணாம். ஒரே ஒரு நாளைக்கு ஒண்ண வாடகைக்கு எடுங்க. அந்தப் புள்ள ஸ்கூல் திறக்குறதுக்குள்ள போகணும். இல்லன்னா நான் எம்புள்ளைகளக் கூட்டிக்கிட்டு டென்ட்டப் போட்டுப் படுத்துக்கிறேன்."

பாண்டித்துரை சாவியைப் பார்த்தார். "ட்ரையல் ரன்," என்றார். பெயர் கிடைத்துவிட்டால் அவருக்கு எதுவும் சம்மதம்.

இடம் நெய்னா கொடுத்தார். அவருடைய கஃபீலுக்கு, அதாவது விசா கொடுத்த அரபி முதலாளிக்கு, அல் ஐன் போகும் வழியில் ஒரு தோட்டம் இருந்தது. பேரீச்ச மரங்கள் தாண்டினால் மணல். கேட்டுவரை ஜல்லிப்பாதை. தாராளமாகப் போய்த் தங்கு என்று சொல்லிவிட்டார். கேரவனைப் பாண்டித்துரை இணைய விளம்பரங்களில் தேடினார். வாடகைக்கு, ஏ.சி. வசதியுடன், எமிரேட்ஸ் முழுவதும் டெலிவரி. மூன்று கொட்டேஷன் வாங்கினார். மூன்றில் ஒன்றில்தான் உள்ளேயே பாத்ரூம் இருந்தது. அந்த நம்பருக்கு, துபாயிலிருந்து அஜ்மான் திரும்பும் வழியில் நகராத நெரிசலில் நின்றபடி, காரின் ஸ்பீக்கரில் போன் போட்டார். எடுத்தவர் ஹஸ்னைன் என்கிற பாகிஸ்தான்காரர். ஷார்ஜா பக்கம் யார்டு வைத்திருந்தார். பேச்சு ஹிந்தியில் நடந்தது. பாண்டித்துரையின் ஹிந்தி சைட்டில் கற்றது. வினைச்சொற்கள் எல்லாம் கட்டளைகள்.

"கேரவன் வாடகைக்கு வேணும் பாய். நாலு பேர். கொஞ்சம் தாராளமா."

"ஆறு பேர் படுக்கிறது இருக்கு சார். நெருக்கி அதுலயே பன்னிரண்டு பேர் படுத்திருக்காங்க."

பாண்டித்துரை அகிலா பக்கம் திரும்பி, "நல்ல ஸ்ட்ராங் பாடி," என்றார்.

"பாத்ரூம் உள்ளயா?"

"உள்ளதான். இன்ஜினியருக்காகப் போட்டது."

"என் காரு இழுக்காது பாய். நீங்களே கொண்டுவந்து வைக்கணும்."

மறுமுனையில் ஒரு தயக்கம். "சார், அதை யாருமே கார்ல இழுக்கிறதில்ல. நாங்கதான் கொண்டுவருவோம். டிரெய்லர் எங்களோடது, கிரேன் எங்களோடது."

"கிரேனா?"

"கிரேன் இல்லாம எப்படி சார் இறக்குறது?"

பாண்டித்துரை ஸ்டீயரிங்கை மெல்லத் தட்டினார். "பாத்தியா அகிலா. கிரேன் வச்சு இறக்குறான்னா எவ்வளவு பெரிய வண்டியா இருக்கும். இதுதான் ப்ரொஃபெஷனல்ங்கிறது." பிறகு போனிடம், "ஃபேமிலி பாய். சுத்தமா இருக்கணும்," என்றார்.

"ஃபேமிலியா?" இன்னொரு தயக்கம். "அச்சா சார். பினாயில் போட்டுக் கழுவி அனுப்புறேன்."

பின்சீட்டில் சங்கீதா காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அகிலாவுக்கு அந்தப் பினாயில் மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டது. கேரவனைப் பினாயில் போட்டுக் கழுவுவார்களா என்ன.

இரண்டு நாள் கழித்து, கிளினிக்கில் கூட்டம் மும்முரமாக இருந்தபோது அவளுக்குப் போன் வந்தது. பாண்டித்துரை எப்போதும் மீட்டிங்கில் இருப்பவர் என்பதால் இரண்டாவது நம்பராக அவளுடையதைக் கொடுத்திருந்தார்.

"மேடம், சார் போனை எடுக்கல. அந்த கேட்டுக்குள்ள கிரேன் திரும்புமா?"

"திரும்பும் பாய். கேட்டு பெருசுதான்."

"இன்னொண்ணு மேடம். தப்பா நினைக்காதீங்க. நிஜமாவே ஃபேமிலியா அதுல தங்கப்போகுது?"

"ஏன் கேக்குறீங்க?"

"இல்ல, நாங்க அதை லேபர் கேம்புக்குத்தான் கொடுப்போம்."

அகிலா படம் அனுப்பச் சொன்னாள். வந்தது. வெள்ளைத் தகரப் பெட்டி. நடுவில் ஒரு நீலக் கோடு, இரண்டு ஜன்னல், ஒரு கதவு, கதவுக்குக் கீழே இரும்புப் படி. கோவிட் சமயத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்ப்பதற்காக இந்த கிளினிக்கின் பின்பக்கமே இப்படி ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். செக்யூரிட்டி முதல் டிரைவர் வரை அதைக் கேரவன் என்றுதான் சொன்னார்கள். நெய்னா அண்ணன் கடைக்குப் பின்னால் சிமெண்ட் மூட்டைக்குக் கூரையாக இருப்பதும் இதுதான். இந்த ஊர் சைட்டுகளில் கேரவன் என்றால் போர்ட்டா கேபின். ஐரோப்பியக் கேரவன் கேட்ட கொள்முதல் மேலாளருக்கு, அவர் கேட்ட சொல்லுக்கு உரிய பொருள் மிகச் சரியாக வந்துகொண்டிருந்தது.

எதிரே ஒரு அம்மாள் இன்சூரன்ஸ் கார்டை நீட்டிக்கொண்டு நின்றாள். அகிலா அவளை உட்காரச் சொல்லிவிட்டு யோசித்தாள். இப்போதே அவருக்குச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் என்ன நடக்கும்? முதலில் ஹஸ்னைனோடு ஒரு சண்டை. பிறகு புதிதாக மூன்று கொட்டேஷன். ஒன்றில் மெத்தை மெலிசாக இருக்கும், ஒன்றில் தள்ளுகதவு இருக்காது. ஜனவரி வந்துவிடும். சங்கீதா கதவைச் சாத்திக்கொண்டு கெமிஸ்ட்ரி படிப்பாள். நடையில் இருக்கிற பையை ஒரேயடியாகப் பிரித்து அலமாரியில் வைக்கலாம்.

"மேடம்? சக்கரமும் இல்ல. சார் அதைக் கேக்கவே இல்ல. ஒரு தடவ வச்சா வச்ச இடம்தான். மறுநாள் நான் கிரேனோட வந்து தூக்குறவரைக்கும் நகராது."

"நகராதா?"

"நகரவே நகராது."

"உள்ள பார்ட்டிஷன் எதுவும் இருக்கா?"

"பாத்ரூமுக்கு மட்டும் கதவு. மத்தபடி ஒரே ரூம்தான். கம்பிக் கட்டில், கீழ மூணு மேல மூணு."

மேஜைக்கடியில் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

"அதான் பாய் வேணும். கொண்டுவாங்க. சார்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அவள் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த இரண்டு நாளும் ஏற்பாடுகள் நடந்தன. பாண்டித்துரை கப்பல் மாலுமி மாதிரி ஒரு தொப்பியும், கோப்பை வைக்க ஓட்டை போட்ட மடக்கு நாற்காலியும் வாங்கிவந்தார். ஆபீஸ் வாட்ஸாப் குழுவில், வாரக்கடைசியில் தன்னைத் தொடர்புகொள்ள முடியாது என்றும் தான் 'கேரவனிங்' போவதாகவும் அறிவித்தார். அதற்கு வந்த கட்டைவிரல்களை அகிலாவிடம் காட்டினார். சொல்லிவிடலாமா என்று அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

தோட்டத்துக் கேட்டில் நெய்னா சாவியோடு நின்றிருந்தார். முகத்தை மிகவும் பாடுபட்டு நேராக வைத்திருந்தார்.

"வா மாப்ள. ஒன் கேரவன் வந்து எறங்கிருச்சு."

பேரீச்ச மரங்களைத் தாண்டி, மணல் தொடங்கும் இடத்தில், வெயிலில் அது பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. பாண்டித்துரை காரைவிட்டு இறங்கி அதைப் பார்த்தார். அதற்கு அப்பால் பார்த்தார்.

"இந்த ஆபீஸ் யாருது நெய்னா? வண்டி பின்னாடி நிக்குதா?"

நெய்னா பேரீச்ச மரத்தை ஆராய்ந்தார். பாண்டித்துரை பெட்டியைச் சுற்றிப் பின்பக்கம் போனார். கொஞ்ச நேரம் ஆளைக் காணோம். பிறகு மறுபக்கமாகத் தொப்பி வந்தது. தொப்பிக்குக் கீழே அவர் வந்தார்.

"பின்னாடி ஒண்ணும் இல்லையே."

"முன்னாடி இருக்குல்ல மாப்ள."

கதவில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. ஹெல்மெட் அணியாமல் உள்ளே வரக்கூடாது என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் உருதுவிலும் எழுதி, பக்கத்தில் ஹெல்மெட் போட்ட ஒரு தலை. சங்கீதா அதைப் படித்தாள். அப்பாவின் மாலுமித் தொப்பியைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்குவதாக இல்லை; இரும்புப் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அகிலா அதைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அருள் அக்காவைத் தாண்டி உள்ளே ஓடி, "அக்கா, பங்க் பெட்ஸ்," என்று கத்தினான்.

பாண்டித்துரை ஹஸ்னைனுக்குப் போன் போட்டார். கோபத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார்.

"இது என்ன பாய் அனுப்பியிருக்க?"

"நீங்க கேட்டது சார். ஏ.சி. இருக்கா?"

"இருக்கு."

"பாத்ரூம்?"

"இருக்கு."

"கட்டில் ஆறு இருக்கா?"

"இருக்கு. சக்கரம் எங்க?"

"சக்கரம் நீங்க கேக்கலையே சார். ஆனா நான் முந்தாநாள் போன்லயே மே..."

பாண்டித்துரை போனை அணைத்துவிட்டார். மேற்கொண்டு கேட்க அவரால் முடியவில்லை. இருபது வருஷமாக மற்றவர்களின் ஸ்பெசிஃபிகேஷனில் விட்டுப்போனதைச் சிவப்பு மையால் வட்டமிட்டவர். ஒரு வண்டி வாங்கும்போது சக்கரத்தைக் கேட்காமல் விட்டிருக்கிறார். மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். கோப்பை ஓட்டையில் போனை வைத்தார். அது ஓட்டை வழியாக மணலில் விழுந்தது.

"எல்லாரும் கார்ல ஏறுங்க. திரும்புறோம்," என்றார் எழுந்துகொண்டே.

உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. நெய்னா நாசூக்காக கேட் பக்கம் நடந்தார். அகிலா பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள்.

"திரும்பிப் போயி என்னங்க செய்யப்போறோம்?"

"என்ன செய்வோம், வீட்ல இருப்போம்."

"ஆளுக்கொரு ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு. அத நான் இன்னும் எட்டு மாசம் பாப்பேன். அப்புறம் ஒரு ரூம் காலியாக் கெடக்கும், அதயும் பாப்பேன். இன்னைக்கு ஒரு நா இந்தத் தகரத்துல கெடக்கலாம். எனக்காக."

பாண்டித்துரை அவளைப் பார்த்தார். இவ்வளவு நீளமாக அவள் பேசி அவர் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அதற்குள் காற்று கிளம்பிவிட்டது. மணலை வாரி முகத்தில் அடித்தது. மாலுமித் தொப்பியைத் தூக்கிக்கொண்டு அல் ஐன் திசையில் போனது. இருவரும் உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினார்கள்.

உள்ளே பினாயில் வாசம் தூக்கலாக இருந்தது. நெட்வொர்க் இல்லை. அருள் ஏ.சி.க்குக் கீழே இருந்த மேல்கட்டிலில் ஏறிக்கொண்டிருந்தான்.

"அங்க படுக்காத," என்றார் பாண்டித்துரை. "ஏ.சி. தண்ணி சொட்டும். காலையில தலகாணி ஊறிப்போயிரும்."

சொல்லிக்கொண்டே, யோசிக்காமல், கதவுக்கு எதிர்மூலையில் இருந்த கீழ்க்கட்டிலில் தன் பொருட்களை வைத்தார். பையிலிருந்து லுங்கியை எடுத்தார். மேல்கட்டில் கம்பியில் அதன் ஒரு விளிம்பைச் செருகி, மெத்தை அடியில் அமுக்கி, திரை மாதிரி தொங்கவிட்டார். செருப்பு இரண்டையும் தலைமாட்டுக் கட்டில்கால் இடுக்கில் சொருகினார். எல்லாம் அரை நிமிஷ வேலை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகும் கை மறந்திருக்கவில்லை.

பிள்ளைகள் இருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பா, நீங்க இது மாதிரி எடத்துல இருந்திருக்கீங்களா?" என்றாள் சங்கீதா.

அகிலாவுக்குத் தெரியும். கத்தாரில், ராஸ் லஃபானில், ஸ்டோரில் சாமான் எடுத்துக்கொடுக்கும் வேலையில்தான் அவர் வளைகுடா வாழ்க்கை தொடங்கியது. வீட்டின் அதிகாரபூர்வ வரலாற்றில் அந்தக் காலத்துக்குக் 'கம்பெனி அக்காமடேஷன்' என்று பெயர். அதற்குமேல் விவரம் கிடையாது.

"அது கொஞ்சம் பெருசு," என்றார் பாண்டித்துரை. சற்றுப் பொறுத்து, "எட்டுப் பேரு," என்றார். இன்னும் சற்றுப் பொறுத்து, மரியாதை கருதி, "ரூம் இன்சார்ஜ் நான்தான்," என்றார்.

"இன்சார்ஜ்னா என்ன பண்ணணும்?"

"லைட்ட அணைக்கணும்."

சங்கீதா மறுபடி சிரித்தாள். இந்த முறை அவரும் சிரித்துவிட்டார். அப்புறம் பேச்சு நிற்கவில்லை. அழகுமலை என்று ஒருவன் தூக்கத்தில் அரபியில் சண்டை போடுவானாம். விழித்திருக்கும்போது அவனுக்கு அரபியில் மாஃபி, அதாவது இல்லை, என்கிற ஒரு சொல்தான் தெரியுமாம். ஒரு பெருநாள் சமயத்தில் எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு பிரஷர் குக்கர் வாங்கப் போய், எதை வாங்குவது என்று எட்டுப் பேருக்கும் எட்டு அபிப்பிராயம் வந்து, கடை சாத்தும்வரை நின்று, கடைசியில் ஒரு சட்டியை வாங்கிக்கொண்டு வந்தார்களாம். அன்றிலிருந்துதான் எதையும் ஒழுங்காக ஒப்பிட்டு வாங்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தாராம்.

"அப்ப எல்லாம் அந்தக் குக்கராலதானா?" என்றாள் அகிலா.

வெளியே மணல் தகரத்தை உரசிக்கொண்டிருந்தது. உட்கார நாற்காலி இல்லாததால் நாலு பேரும் லுங்கியை ஒதுக்கிவிட்டு ஒரே கீழ்க்கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். அது ஒருவர் படுக்கிற அகலம். அகிலா கொண்டுவந்த புளியோதரைப் பாத்திரம் கைமாறிக்கொண்டிருந்தது. சங்கீதாவின் முழங்கால் அவள்மேல் அழுந்தியிருந்தது. சங்கீதா அயர்லாந்து ஹாஸ்டலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு ரூமில் இரண்டு பேராம். கூட இருக்கப்போகிறவள் யாரென்று தெரியாதாம். அதை நினைத்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறதாம். இதையெல்லாம் அவள் இதற்கு முன் சொன்னதில்லை. அகிலா மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டாள், பேச்சு நின்றுவிடக்கூடாது என்று.

மறுநாள் சாயங்காலம் வர வேண்டிய கிரேன் காலையிலேயே வந்துவிட்டது. ஹஸ்னைன் டிரெய்லரிலிருந்து இறங்கி இருவருக்கும் சலாம் சொன்னார். வேறொரு சைட்டுக்கு இந்தக் கேபின் அவசரமாக வேண்டுமாம், மன்னித்துக்கொள்ள வேண்டுமாம். பாண்டித்துரை நேற்றைய விஷயத்தை எடுத்தார்.

"பாய், நான் சக்கரத்தக் கேக்கலைங்கிறது என் தப்புதான். ஆனா ஃபேமிலின்னு சொன்னேனே. நீயாவது சொல்லியிருக்கலாம்."

ஹஸ்னைன் குழம்பிப்போனார். "சொன்னேனே சார். போட்டோவே அனுப்பினேன். லேபர் கேம்ப் கேபின், சக்கரம் இல்ல, நகராதுன்னு எல்லாம் சொன்னேன். நகராததுதான் வேணும்னு மேடம்தான் சொன்னாங்க."

பாண்டித்துரை மெதுவாகத் திரும்பினார். அகிலா மரத்தடியில் கேஸ் அடுப்பை வைத்துக்கொண்டிருந்தாள். குனிந்தபடியே இருந்தாள்.

அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஸ்பெசிஃபிகேஷன மாத்துனா எழுத்துமூலமாச் சொல்லணும், அகிலா."

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

அவர் நேர்மையாக யோசித்தார். "மூணு கொட்டேஷன் வாங்கியிருப்பேன்."

பின்னால் கிரேன் உறுமியது. கொக்கி ஆடிக்கொண்டே கேபினின் கூரைமேல் இறங்கத் தொடங்கியது. அருள் படியில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். சங்கீதாவைக் காணோம். பாண்டித்துரை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு கிரேனை நோக்கி வேகமாக நடந்தார். மணல் செருப்பை இழுத்தது.

"ருக்கோ பாய், ருக்கோ. இன்ஜின ஆஃப் பண்ணு. புள்ள தூங்குது."

ஹஸ்னைன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் சார்?"

எந்தக் கேள்விக்கும் டெலிவரி தேதியோடு பதில் சொல்லும் பாண்டித்துரை, "தெரியல பாய்," என்றார். மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து விரித்து, ஹஸ்னைனைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "சாயா குடிச்சிட்டுப் போலாம்."

இன்ஜின் அணைந்தது. அகிலா எல்லோருக்கும் டீக்குத் தண்ணீர் வைத்தாள். வீட்டு ஆட்கள் நாலு பேர், ஹஸ்னைன், கிரேன் டிரைவர்; ஆறு பேருக்கு வேண்டிய தண்ணீர் போதும். அவள் பாத்திரத்தை நிரப்பிவிட்டு, மேலும் ஒரு செம்பு ஊற்றினாள். கொதிக்க நேரமாகட்டும்.